கூரை யாருடையது? கியா பார்மிலிருந்து ஒரு மக்களாட்சிப் பாடம்

மக்களாட்சி, பொருளாதார அமைப்பு, குடிமைச் சமுதாயம் ஆகிய மூன்றையும் நம்மில் பலர் மூன்று தனித்தனி இயல்களாகத்தான் படித்திருப்போம். எஸ்.டி.பி.எம். தேர்வுக்காக நானும் அவற்றை அப்படித்தான் மனனம் செய்தேன். மக்களாட்சி என்றால் தேர்தல். பொருளாதாரம் என்றால் முதலாளித்துவம், சமதர்மம், கலப்புப் பொருளாதாரம். குடிமைச் சமுதாயம் என்றால் அரசையும் வணிகத்தையும் சாராமல் மக்கள் தாமே கூடி அமைத்துக்கொள்ளும் சங்கங்கள், கோயில் குழுக்கள், தொழிற்சங்கங்கள். தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் நான் வளர்ந்த கியா பார்மில் இம்மூன்றும் ஒரே சாலையில், ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒருவர் எந்த நிலத்தில் குடியிருக்கிறார், அந்த நிலம் யாருடையது என்ற கேள்வியைக் கேட்காமல் அங்கே மக்களாட்சியைப் பற்றிப் பேச முடியாது. வாக்குச்சீட்டு எல்லாருக்கும் ஒரே அளவுதான். அதைப் பயன்படுத்தும் துணிவோ தலைக்குமேல் உள்ள கூரையைப் பொறுத்தது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது.

கியா பார்மை அறியாதவர் நம் பல்கலைக்கழகத்தில் குறைவு. பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா செல்லும் சாலையில் கார்கள் நகராமல் நிற்குமே, அந்த இடம்தான். அவித்த சோளம், ஸ்ட்ராபெரி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தேன் புட்டிகள், சின்னச் சின்னக் கள்ளிச் செடிகள் என்று சாலையோரம் முழுதும் பசார். தீபகற்ப மலேசியாவிலேயே மிக உயரத்தில் உள்ள ஊர் இது என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பசாரிலிருந்து சற்றுத் தொலைவில், பிரிஞ்சாங் மலைக்கு ஏறும் கிளைச் சாலையில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. 1929-இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ நிறுவனத்தைச் சேர்ந்தது அது. சரிவுகளில் பிளாஸ்டிக் கூரைகளுக்குக் கீழே காய்கறியும் பூச்செடியும். இன்னும் உள்ளே, காட்டோரத்தில், செமாய் பூர்வகுடியினரின் கம்போங்குகள்.

இவர்கள் எல்லாரும் ஒரே மாவட்டத்தில் இருந்தாலும் நிலத்தோடு அவர்களுக்குள்ள உறவு வேறு வேறு. தேயிலைத் தொழிலாளி நிறுவனத்தின் நிலத்தில் நிறுவனத்தின் வீட்டில் இருக்கிறார். காய்கறித் தோட்டக்காரர்களில் பலர் மாநில அரசின் நிலத்தில் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தை நம்பிப் பல்லாண்டுகள் பயிரிட்டு வந்தவர்கள். பூர்வகுடியினர் தலைமுறை தலைமுறையாக வாழும் நிலத்திற்குப் பெரும்பாலும் பட்டா இல்லை. வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்து கொழுந்து பறிப்பவர்களுக்கு நிலமும் இல்லை, வாக்கும் இல்லை.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர் 1970-இல் எழுதிய ஒரு நூலில், ஓர் அமைப்பு சரியில்லை என்றால் அதில் இருப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு என்றார். ஒன்று, விலகிப் போவது. மற்றொன்று, இருந்துகொண்டே குரல் கொடுப்பது. தேவையானால் விலகிவிட முடியும் என்ற நிலை இருந்தால் குரலுக்கு வலு கூடும் என்பது அவர் காட்டியவற்றுள் ஒன்று. அவருக்கு நெடுநாள் முன்பே, 1831-இல் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்த தொக்வில் என்ற பிரெஞ்சுக்காரர், மக்கள் சின்னச் சின்னக் காரியங்களுக்கெல்லாம் சங்கம் கூடுவதைக் கண்டு வியந்து, மக்களாட்சிக்கான பழக்கம் அங்கேதான் உருவாகிறது என்று எழுதினார். விரிவுரையில் இவ்விருவரைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் என் பாட்டி.

பாட்டி கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். எந்தத் தோட்டம் என்பது இங்கே தேவையில்லை. அன்றைய தோட்டங்கள் பலவற்றின் கதை ஒன்றுதான். லயத்து வீடு, குடிநீர், ஆயக்கொட்டகை, மருந்தகம், மாரியம்மன் கோயில் நிற்கும் மண், யாவும் நிருவாகத்தின் சொத்து. மேலாளர் நல்லவராக அமைந்தால் ஒழுகும் கூரைக்குத் தகரம் வரும். அமையாவிட்டால் முறையிட ஊராட்சி மன்றம் என்று ஒன்று உள்ளே கிடையாது. வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். அதாவது பாட்டிக்கு முதலாளி, வீட்டுச் சொந்தக்காரர், ஊராட்சி மூன்றும் ஒரே ஆள். "சங்கத்துல சொல்ல வேண்டியதுதானே பாட்டி?" என்று நான் கேட்டபோது, "சொல்லலாம் கண்ணு. சொல்லிட்டு எங்க போய்ப் படுக்கிறது?" என்றார். ஹிர்ஷ்மன் ஒரு நூல் முழுதும் எழுதியதைப் பாட்டி ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

இதை ஒரு குடும்பத்தின் கதையாக மட்டும் பார்க்கக் கூடாது. தோட்டம் தனியார் நிலம் என்பதால், கம்போங்குகளுக்குச் சென்ற நாட்டுப்புற மேம்பாட்டுத் திட்டங்கள் பல நெடுங்காலம் தோட்ட வாசலிலேயே நின்றுவிட்டன. அவசரகாலத்தில் அமைக்கப்பட்ட புதுக்கிராமங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். 1952-ஆம் ஆண்டின் உள்ளூர் மன்றச் சட்டத்தின்கீழ் அக்கிராமங்கள் பலவற்றில் மக்கள் தங்கள் ஊர் மன்றத்தைத் தாமே தேர்ந்தெடுத்தார்கள். முள்வேலிக்குள் இருந்த ஊருக்குக்கூட ஒரு தேர்தல் கிடைத்தது. வேலியில்லாத தோட்டத்துக்கு அது கிடைக்கவில்லை. 1957-க்குப் பிறகு குடியுரிமை பெற்ற தோட்டத் தொழிலாளி நாடாளுமன்றத்துக்கு வாக்களித்தார். தன் லயத்துக் கால்வாயைப் பற்றி முடிவு செய்ய அவருக்கு வாக்கு இல்லை.

அப்படியானால் தோட்டத்தில் குடிமைச் சமுதாயமே இல்லையா என்றால், இருந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தங்களை வரலாற்றுத் துறை நண்பர்கள் அறிவார்கள். தமிழ் நேசன் நாளிதழில் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன் அதன் தலைவர்களுள் ஒருவர். தொழிலாளர்களின் கோரிக்கைகளைப் படித்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. சம்பள உயர்வு அதில் உண்டு. அதோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும், பிள்ளைகளுக்கு நல்ல கல்வி வேண்டும், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோக விட வேண்டும், பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டுப் பிறகு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் இறந்தனர். நாட்டு விடுதலைக்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன், வாக்குரிமை என்ற சொல்லே எட்டாத தூரத்தில் இருந்தபோது, கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் மக்களாட்சியின் பாதிப் பாடத்தைத் தாங்களே எழுதியிருக்கிறார்கள். நம் ஆண்டு விழாக்களில் இவர்களுக்கு ஒரு நிமிடமாவது ஒதுக்கலாம் என்பது என் கருத்து.

கூரையின் உரிமையையே மாற்றிப் பார்க்கும் முயற்சியும் நம்மிடையே நடந்தது. 1950-களில் வெள்ளைக்காரர்கள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வேலையும் வீடும் ஒருசேரப் போயின. இதற்கு விடையாக 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அப்படிச் சேர்ந்த பணத்தில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. கூட்டுறவில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. பங்குச் சந்தையில் பணத்துக்கு வாக்கு. இங்கே மனிதனுக்கு வாக்கு. பொருளாதார அமைப்புக்குள்ளேயே மக்களாட்சியைக் கொண்டுவரும் வழி இது. எல்லாம் இனிதே முடிந்தது என்று சொல்ல மாட்டேன். பொதுக்கூட்டத்தில் கை தூக்கும் உறுப்பினர், மறுநாள் காலைப் பெரட்டில் அதே சங்கத்தின் மேலாளர் முன் நிற்க வேண்டும். உரிமையாளரும் கூலியும் ஒரே ஆளாக இருப்பது எளிதன்று. ஆயினும் 10 வெள்ளியை எடுத்து வைத்த ஒவ்வொருவரும், நிலம் நமக்கும் உரியதாகலாம் என்று ஒருமுறை நினைத்திருப்பார் அல்லவா?

தேர்தலால் பயனே இல்லை என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். மாதச் சம்பளம் வேண்டும், குறைந்தபட்சச் சம்பளம் வேண்டும் என்ற குரல் தோட்டங்களில் பல பத்தாண்டுப் பழையது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் பிற அமைப்புகளும் கேட்டுக்கொண்டே இருந்தன. 2008 பொதுத்தேர்தலில் ஆளுங்கூட்டணி மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையை இழந்தது. 2011-இல் தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் வந்தது. 2013 ஜனவரி முதல் தீபகற்பத்தில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 900 ரிங்கிட் ஆனது. 2022 மே மாதம் 1,500, 2025 பிப்ரவரியில் 1,700 என்று உயர்ந்தது. இந்த வரிசை தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கேட்பதற்கு அமைப்புகள் இருந்தன. தோற்றுப்போவோம் என்ற அச்சம் ஆட்சிக்கு வந்தபோது அக்குரல் கேட்டது.

இனி தேயிலையை விட்டுப் பசாருக்கு வருவோம். பாட்டியைப் போலன்றி என் தந்தை தோட்டத்தை விட்டு வெளியேறியவர். சில காலம் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு, இப்போது சோளமும் கிழங்கும் விற்கிறார். தோட்டத்திலிருந்து வெளியே வந்தால் விடுதலை என்று நம் வீடுகளில் சொல்வார்கள். சுற்றிலும் பார்த்தால் அது பாதிதான் சரி. தேசிய நிலச் சட்டம் 1965-இன்படி தற்காலிகக் குடியிருப்பு உரிமம் அந்தந்த ஆண்டின் இறுதியோடு முடிந்துவிடும். வேறொருவருக்கு மாற்றித் தர முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் முடிந்தது. அவ்வுரிமத்தை நம்பிக் குழாயும் கூரையும் உரமும் போட்டு முதலீடு செய்தவர் டிசம்பரில் யாரிடமாவது கடுமையாகப் பேசுவாரா? நிலத்தை ஓராண்டுக்கு மட்டும் தந்தால், விவசாயி ஓராண்டுக்கு மேல் யோசிக்கவும் மாட்டார். சரிவுகள் வழிந்து ஆறுகள் மண்ணால் நிறைந்ததற்குப் பேராசையை மட்டும் காரணம் சொல்வோர் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கடைக்காரர்களின் நிலையும் ஏறக்குறைய அதுவே. கடை உரிமம், குப்பை, சாலையோரக் கோடு முதலியவை மாவட்ட மன்றத்தின் பொறுப்பு. அம்மன்றத்தின் உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. மாநில அரசு நியமிக்கிறது. எப்போதும் இப்படி இருந்ததன்று. இந்தோனேசியாவுடனான மோதல் நாள்களில், 1965-இல், உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. உள்ளாட்சி மன்றங்களை ஆராய அதே ஆண்டு ஓர் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். 1968-இல் அவ்வாணையம் தந்த அறிக்கை, தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சியே வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. 1976-இன் உள்ளாட்சிச் சட்டம் நியமன முறையை நிலைப்படுத்தியது. ஒரு தமிழர் தலைமையில் எழுதப்பட்ட, இந்நாட்டின் மக்களாட்சி வரலாற்றில் இடம் பெறவேண்டிய ஓர் அறிக்கையைப் பற்றி நான் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகே கேள்விப்பட்டேன். ஆலயத் திருப்பணி மலர்களில் நாம் அச்சிடும் தலைவர் படங்களுக்கு அளவில்லை. இதற்கு ஒரு பத்தி இல்லை.

கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதிக்கு முதன்முதலில் தேர்தல் நடந்தது 2004-இல். இந்திய வாக்காளர் ஏழில் ஒருவர் அளவே இருந்தும் 2018 வரை நான்கு பொதுத்தேர்தல்களிலும் ம.இ.கா. வேட்பாளர்களே வென்றனர். 2013-இல் வாக்கு வேறுபாடு 462, 2018-இல் 597. இப்படி நூலிழையில் தொங்கும் தொகுதியில் ஒவ்வொரு வாக்குக்கும் விலை ஏறும் என்பது பொருளியல் விதி. 2018 நவம்பர் 30-ஆம் நாள் தேர்தல் நீதிமன்றம், பூர்வகுடி வாக்காளர்களுக்குப் பணம் தரப்பட்டதை உறுதிசெய்து அவ்வெற்றியைச் செல்லாதென அறிவித்தது. 2019 ஜனவரி 26-இல் இடைத்தேர்தல். செமாய் இனத்தவரான ராம்லி முகமட் நோர் 3,238 வாக்குகள் வேறுபாட்டில் வென்று, நாட்டில் தேர்தல் மூலம் மக்களவைக்குச் சென்ற முதல் பூர்வகுடியினர் ஆனார். 32,009 வாக்காளர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பூர்வகுடியினராக இருந்த தொகுதியில், அவர்களுள் ஒருவரை நிறுத்தும் எண்ணம் கட்சிகளுக்கு வர ஒரு வழக்குத் தேவைப்பட்டது.

தீர்ப்பு வந்த நாள்களில் எங்கள் ஊர்த் தேநீர்க்கடைகளில் பேசிக்கொண்டது இப்போதும் காதில் இருக்கிறது. "காசு வாங்கிட்டு ஓட்டுப் போடுறானுங்க" என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் சிலர் தேர்தலுக்குத் தேர்தல் அரிசிப் பையும் சமையல் எண்ணெயும் வாங்கியவர்கள்தான். வாக்கை விற்பது அறியாமை என்று சொல்லிவிடுவது வசதியான விளக்கம். நிலத்துக்குப் பட்டா இல்லாதவருக்கு, சாலையும் மின்சாரமும் யாரோ ஒருவரின் தயவால் வருபவருக்கு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை கையில் வரும் பணமே தேர்தலில் உறுதியாகக் கிடைக்கும் ஒரே பயனாகத் தெரியலாம். உரிமையாக வர வேண்டியது தயவாக வரும் இடத்தில் வாக்கும் பண்டமாகிவிடுகிறது.

குடிமைச் சமுதாயத்தை நான் அளவுக்கு மீறிப் புகழ்வதாக ஒரு நண்பர் சொன்னார். அவர் எங்கள் கோயில் ஆண்டுக் கூட்டத்தைப் பார்த்ததில்லை! தலைவர் பதவிக்கு இரண்டு அணி, கணக்குக்கு மூன்று அணி, நாற்காலி பறக்காத ஆண்டு நல்ல ஆண்டு. பெண்கள் சமைப்பார்கள், கோலம் போடுவார்கள். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது குழுவில் ஒரு பெண்ணின் பெயரும் இல்லை. இருந்தாலும், தோட்டத்து மக்கள் தாமே தேர்ந்தெடுத்தவை என்றால் கோயில் குழுவும் சங்கக் கிளையுமே. கூட்டக் குறிப்பு எழுதவும், கணக்குக் கேட்கவும், தோற்றபின் அடுத்த ஆண்டுவரை பொறுத்திருக்கவும் என் தாத்தா தலைமுறை அங்கேதான் கற்றது. தொக்வில் எழுதியது இதைத்தான்.

நம் மொழிக் கழகமும் அந்த வரிசையில் வரும் ஒன்றே. மாணவர் விவகாரப் பிரிவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு பட்டிமன்றத்துக்குக்கூட மண்டபம் கிடைக்காது என்பதை நம் செயலவை நண்பர்கள் அறிவார்கள். 2010-இல் உலு சிலாங்கூர் இடைத்தேர்தல் வட்டாரத்துக்குச் சென்றதற்காக மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மாணவர் நால்வர் மீது பல்கலைக்கழகச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுக்கப்பட்டது. அவர்கள் வழக்காடினார்கள். 2011 அக்டோபர் 31-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அச்சட்டப் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்றது. 2018 டிசம்பரில் நாடாளுமன்றம் வளாகத்தில் அரசியலுக்கு இருந்த தடையை நீக்கியது. வாக்களிக்கும் வயதைப் பதினெட்டாகக் குறைக்க இளைஞர்கள் நடத்திய இயக்கத்தின் பயன் 2021 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. 2022 நவம்பரில் கேமரன் மலையில் நான் வரிசையில் நின்றது அதனால்தான். நமக்கு முன்னால் படித்த சிலர் தம் படிப்பைப் பணயம் வைத்துப் பெற்றுத் தந்தவை இவை.

பாட்டி இருந்த லயத்தில் இப்போது தமிழ்க் குடும்பங்கள் மிகக் குறைவு. சென்ற ஆண்டுத் திருவிழாவுக்குப் போயிருந்தபோது பாட்டியின் பழைய வீட்டுத் திண்ணையில் வங்காளதேசத் தொழிலாளர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மலாயில் பேசிக்கொண்டிருந்தோம். சட்டப்படி அவரும் தொழிற்சங்கத்தில் சேரலாம். சேர்ந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பெர்மிட் முதலாளி பெயரைச் சார்ந்தது, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், எதற்கு வம்பு என்றார். பாட்டிக்கு வேலையோடு வீடு போகும். இவருக்கு வேலையோடு நாட்டில் இருக்கும் உரிமையே போகும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை பாட்டியைத் தேடி வந்த வேட்பாளர்கள் இவரைத் தேடி வரப்போவதும் இல்லை.

ஆனால் அவர்களிடம் ஒரு நிதி இருக்கிறதாம். லயத்தில் உள்ளவர்கள் மாதம் 10 ரிங்கிட் போடுகிறார்கள். யாராவது நோயுற்றால் செலவுக்கு, இறந்துவிட்டால் உடலை ஊருக்கு அனுப்ப. கணக்கு எழுதுபவரை ஆண்டுக்கு ஒருமுறை கை தூக்கித் தேர்ந்தெடுப்பார்களாம், இவ்வாண்டு அவர்தான். உள்ளே போய்க் குறிப்பேட்டை எடுத்து வந்து காட்டினார். எழுத்து எனக்குப் புரியவில்லை. எண்களும் அவர்கள் மொழியிலேயே இருந்தன. பக்க ஓரத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கையெழுத்து இருந்தது.